ஜி9 வாழை உள்ளே கனிந்தும் தோல் ஏன் பச்சையாகவே நிற்கிறது?

கேள்வி: இரண்டு ஏக்கரில் ஜி9 வாழை போட்டிருக்கிறேன், ஐயா. சித்திரை வெயிலில் வெட்டிய தார்களை வீட்டு அறையில் அடைத்து, எத்திலீன் பொட்டலம் வைத்துப் பழுக்க வைத்தேன். உள்ளே குழைந்துவிட்டது, தோல் மட்டும் பச்சையாகவே இருக்கிறது. பொட்டலத்தைக் கூட்டி வைக்கலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். காயைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயு போதுமான அளவு வேலை செய்திருக்கிறது, அதனால்தான் உள்ளே குழைந்திருக்கிறது. கோளாறு அறையின் சூட்டில் இருக்கிறது.

வாழைக்காய் முற்றியதும் தானே எத்திலீனைச் சுரக்கத் தொடங்கும். இளங்காயாக இருக்கும்வரை ஆக்சின் போன்ற வளர்ச்சி ஊக்கிகள் அதைப் பழுக்கவிடாமல் பிடித்து வைத்திருக்கும். அந்தப் பிடி தளர்ந்தபின் கொஞ்சம் எத்திலீன் பட்டாலே போதும், காய் இன்னும் அதிகமாக எத்திலீனை உண்டாக்கிக்கொள்ளும். அடிபட்ட காயும் எத்திலீனை விடும். ஒரு சீப்பில் நாலு காய் நசுங்கியிருந்தால் பக்கத்துச் சீப்புகள் முந்திப் பழுப்பது இதனால்தான். நம் பெரியவர்கள் மூட்டம் போட்டுப் பழுக்க வைத்ததும் இதே வழிதான், புகையிலும் எத்திலீன் உண்டு.

ஆனால் எத்திலீன் கொடுக்கும் ஒரே உத்தரவில் பல வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. ஒரு பக்கம் மாவு சர்க்கரையாகிறது: பச்சைக்காயின் சதையில் ஐந்தில் ஒரு பங்கு மாவு, பழத்தில் அது ஓரிரண்டு சதவீதம்தான். இன்னொரு பக்கம் செல் சுவர் கரைந்து சதை மென்மையாகிறது. தோலில் பச்சையம் சிதைந்து, அடியில் இருக்கும் மஞ்சள் வெளியே தெரிகிறது. ஜி9 சேர்ந்த கேவண்டிஷ் வாழை வகைகளில் இந்தக் கடைசி வேலை வெப்பம் 24 டிகிரியைத் தாண்டினால் சுணங்கிவிடும். உள்வேலை மட்டும் சூட்டில் இன்னும் வேகமாக ஓடும். உங்கள் அறையில் நடந்தது இதுதான்.

போதாததற்கு, பழுக்கும் காய் மூச்சுவிட்டுத் தானும் சூட்டைக் கிளப்பும். அடுக்கி அடைத்தால் நடுவில் இருக்கும் சீப்பு வெளிக்காற்றைவிடச் சூடாகிவிடும்.

சரி, என்ன செய்யலாம்? விடியற்காலையில் வெட்டுங்கள். நிழலில் சூடு தணியவிட்டு, நசுங்கிய காய்களை ஒதுக்கி, சீப்புகளை இடைவெளி விட்டு வையுங்கள். அறை 16 முதல் 18 டிகிரியில், நல்ல ஈரப்பதத்துடன் இருக்க வேண்டும். எத்திலீன் ஒரு நாள் இருந்தால் போதும், 100 பிபிஎம்முக்கு (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்குக்கு) மேல் அனுமதியும் இல்லை. பிறகு கதவைத் திறந்து காற்றை மாற்றுங்கள். காய் விடும் கரியமில வாயு தேங்கினால் எத்திலீனின் வேலையே மட்டுப்படும். அதற்காக ஒரேயடியாகக் குளிரவைக்கவும் கூடாது. 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் மங்கிச் சாம்பல் பூத்துவிடும்.

குளிரூட்டாத வீட்டு அறையில் சித்திரையில் இந்த வெப்பநிலை வராது, இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த மாதங்களில் தாரைக் காயாகவே விற்றுவிடுங்கள், அல்லது பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து குளிரூட்டிய பழுக்கவைக்கும் அறையை வாடகைக்குப் பிடியுங்கள்.

கார்பைடு கல் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். அது தடை செய்யப்பட்டது. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும். ஈரம் பட்டதும் அது தானே சூடாகும், உங்கள் அறைக்கு வேண்டாததும் அந்தச் சூடுதான்.