மேல்தாடையில் எலும்பு போதாவிட்டால் சைனஸ் லிஃப்ட் கட்டாயமா?

ஹட்டனில் இருக்கும் அம்மாவுக்கு மேல் கடைவாய்ப் பற்கள் போய்ப் பல வருடம். இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல் வேர், வைக்க முன் சைனஸ் லிஃப்ட் வேண்டும் என்கிறார்கள், உண்மையில் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் தேவைதான். அந்தப் பற்களுக்கு நேர் மேலே காற்று நிறைந்த சைனஸ் அறை இருக்கிறது. பல் போனதும் எலும்பு கீழிருந்து கரையும், மேலிருந்து சைனஸும் இறங்கும். இம்ப்ளான்ட் திருகைப் பிடிக்க மிஞ்சுவது சில நேரம் 3, 4 மில்லிமீட்டர்தான். சைனஸின் மெல்லிய சவ்வைக் கிழியாமல் உயர்த்தி, அடியில் எலும்புத் துகளை நிரப்புவதே இந்தச் சிகிச்சை. 5 மில்லிமீட்டருக்கு மேல் எலும்பு இருந்தால் பல் இருந்த இடம் வழியாகவே உயர்த்தி, அன்றே இம்ப்ளான்டும் வைக்க வாய்ப்புண்டு. அதைவிடக் குறைவென்றால் பக்கவாட்டில் சிறு ஜன்னல் திறந்து, பல மாதம் காத்திருக்க நேரலாம். ஆகவே முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். குட்டை இம்ப்ளான்ட் போதுமா என்றும் கேளுங்கள்.

எனக்குப் பெரிய கவலை வெற்றிலையோடு போடும் புகையிலைதான். புண் ஆறுவதையே அது கெடுக்கும். அம்மா போடுகிறவர் என்றால் இப்போதே விடச் சொல்லுங்கள். சீனி வருத்தம் இருந்தால் கட்டுக்குள் வரட்டும். அப்புறம், நம் மலைக் குளிரில் தடிமன் சாதாரணம். மூக்கடைப்பு தீர்ந்த பிறகே நாள் குறியுங்கள். சிகிச்சைக்குப் பின் இரண்டு கிழமையாவது மூக்குச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்தே தும்ம வேண்டும்.

இன்னொரு வைத்தியரிடமும் கேட்க நினைத்தால், பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை கண்டிக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. ஸ்கேனையும் கையோடு கொண்டு போங்கள்.