குடையைப் பேச விடாதீங்கள்

வணக்கம் தங்கச்சி. உப்புவெளியில கூடுற உங்கட எழுத்து வட்டத்தில ஒரு குடையை மேசையில வைச்சு எழுதச் சொல்ல, 10 பேரில 8 பேர் "நான் ஒரு குடை பேசுகிறேன்" எண்டு எழுதித் தந்திட்டினம் எண்டு கவலைப்பட்டிருந்தீங்கள். பிழை அவையளில இல்லை. பள்ளிக்கூடத்தில பழகின கட்டுரை அது, பொருளைக் கண்டவுடன கை தன்பாட்டில அங்கதான் போகும்.

நான் புதுப் பொருள் வைக்கிறதே இல்லை. ஒருக்கா, கைபிடி உடைஞ்சு கயிறு கட்டின பெயின்ற் வாளி ஒண்டை வைச்சன். திருகோணமலைக்குப் பக்கத்தில இருக்கிற கன்னியா வெந்நீர்க் கிணறு 7க்கும் சூடு வேற வேறதானே. இந்த வாளியால ஆர், ஆருக்கு, எந்தக் கிணற்றுத் தண்ணி வார்த்தது எண்டு மட்டும் கேட்டன். ஒரு பெடியன் தாயின்ர அந்தியேட்டிக்கு (செத்தவைக்குச் செய்யிற கிரியை) அங்க போன காலமையை எழுதினான். வாளி இரண்டு வரியிலதான் வந்தது. வாசிச்சு முடிய ஒருத்தரும் கதைக்கேல்லை.

மூக்குப்பேணி, அரிக்கன் லாம்பு பக்கம் போகாதீங்கள் (என்ர அபிப்பிராயம்தான்). எல்லாரும் "அந்தக் காலம்" எண்டு பெருமூச்சு விடுவினம். கிளினிக் கொப்பி, வெட்டின லொத்தர் ரிக்கற், ஒற்றைச் செருப்பு நல்லா வேலை செய்யும். நேரம் 15 நிமிசம் போதும்.

அந்தக் குடையை எறிய வேண்டாம். கிண்ணியா பஸ்ஸில ஆரோ விட்டிட்டுப் போனது எண்டு சொல்லி அடுத்த முறையும் அதையே வையுங்கோ.