வாசகர் கேள்வி – பதில்: வீட்டில் இசை கேட்க எந்தக் கருவி?

கேள்வி: கர்நாடக இசையும் நாதஸ்வரமும் கேட்பதற்காக ஒரு நல்ல ஒலிக்கருவி வாங்க எண்ணியுள்ளேன். கடையில் ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டைக் காட்டினார்கள். ஒன்று, ஆறு பெட்டிகள் கொண்ட ஹோம் தியேட்டர். அதில் ‘1000 வாற்ஸ்’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது. மற்றையது, ஓர் அம்பிளிபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும். அதில் 40 வாற்ஸ் என்றே உள்ளது. எங்கள் முன்மண்டபம் 12 அடிக்கு 14 அடி, சீமெந்துத் தரை. எதை வாங்குவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், உவர்மலை

பதில்: ஐயா, நீங்கள் கேட்கவிருப்பது இசை என்பதால் தயக்கமின்றி இரண்டாவதையே வாங்குங்கள். இசைத்தட்டுகளிலும் இணையத்திலும் கிடைக்கும் பதிவுகளில் மிகப் பெரும்பாலானவை இடம், வலம் என்ற இரண்டு தடங்களுக்காகவே பதியப்பட்டவை. பழைய பதிவுகள் பல ஒரே தடத்தில் அமைந்தவை. ஆறு பெட்டிகள் திரைப்படத்துக்கு உரியவை. அதே பணம் ஆறு பெட்டிகளுக்குப் பிரியும்போது ஒவ்வொன்றின் தரமும் குறையாமலிருக்க வழியில்லை.

அந்த 1000 வாற்ஸ் உங்களை மயக்க வேண்டியதில்லை. அது பெரும்பாலும் பி.எம்.பி.ஓ. என்ற கணக்கு, கணப்பொழுதில் எழக்கூடிய உச்சத்தைச் சொல்வது, அதை அளப்பதற்குப் பொதுவான நியமமும் கிடையாது. நம்பத்தக்கது ஆர்.எம்.எஸ். என்று குறிக்கப்படும் தொடர் வலுவே. கடையில் கருவியைத் திருப்பி, பின்புறம் ஒட்டியுள்ள சிறு தகட்டைப் பாருங்கள். 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் என்பதற்கு அருகில் அது இழுக்கும் மின்வலு எழுதப்பட்டிருக்கும். அங்கே 60 வாற்ஸ் என்றிருந்தால், சுவரிலிருந்து 60 வாற்ஸை எடுக்கும் கருவி 1000 வாற்ஸைத் தொடர்ந்து வெளியே தர இயலாது என்பது விளங்கிவிடும்.

உங்கள் மண்டபத்துக்கு 40 வாற்ஸ் தாராளம். அம்பிளிபயரின் வலுவோடு ஸ்பீக்கரின் உணர்திறனையும் விசாரியுங்கள். அதாவது, ஒரு வாற் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் எத்தனை டெசிபல் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) எழும் என்ற அளவு. வலுவை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு ஒலி இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வலு, தேவைப்படும். ஆகவே 87 டெசிபல் பெட்டி 40 வாற்ஸில் செய்வதை, 90 டெசிபல் பெட்டி 20 வாற்ஸிலேயே செய்துவிடும்.

இவை அனைத்தையும்விட, உங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு பதிவைக் கையோடு கொண்டுபோய்க் கடையில் கேட்பது முக்கியமானது. மிருதங்கத்தின் தொப்பியை, அதாவது தாழ்ந்த ஒலி எழும் இடப்பக்கத்தைக் கவனியுங்கள். தேர்ந்த கையொன்று எழுப்பும் கும்காரம் வளைந்து ஏறி இறங்கும். தரங்குறைந்த பெட்டியில் அந்த வளைவு மறைந்து, எந்த அடியும் ஒரே ‘தும்’மாகிவிடும். தம்புராவின் தந்திகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து கேட்க வேண்டும், வெறும் இரைச்சலாகக் கலந்துவிடக் கூடாது. நாதஸ்வரம் மேல் ஸ்தாயியில் கூர்மையாக இருக்கலாம், காதைக் குத்தக் கூடாது. அடுத்த திருவிழாவில் பத்திரகாளி அம்பாள் கோயிலிலோ கோணேசர் கோயிலிலோ, ஒலிபெருக்கியை விட்டு விலகி, வாசிப்பவர்களுக்கு அருகில் சற்று நேரம் நின்று கேளுங்கள். எந்த விலைப்பட்டியலும் தராத அளவுகோல் அங்கே உங்களுக்குக் கிடைக்கும். இன்னொன்று: இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவில் வைக்கச் சொல்லுங்கள். சற்று உரத்து ஒலிப்பதே சிறந்ததாகத் தோன்றுவது காதின் இயல்பு.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின், பெட்டிகளைச் சுவர் மூலைகளிலோ கண்ணாடி அலுமாரிக்குள்ளோ வைக்காதீர்கள். மூலையில் தாழ்ந்த ஒலி வீங்கித் தெளிவை மறைக்கும். பின்சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி, சிறிய உயரொலி ஸ்பீக்கர் உங்கள் காது மட்டத்துக்கு வரும்படி உறுதியான மேசையில் வைத்து, பெட்டிகளுக்கிடையில் உள்ள தூரமும் அவற்றிலிருந்து உங்கள் கதிரைக்குள்ள தூரமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்படி அமையுங்கள். பிறகு மண்டபத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். தட்டிய ஓசை சுவர்களுக்கிடையில் சிலுசிலுத்து நீண்டால், உங்கள் இசையும் அவ்வாறே கலங்கும் என்று பொருள். தரையில் ஒரு தடித்த விரிப்பும் யன்னல்களுக்குக் கனத்த திரைச்சீலையும் போட்டால் ஏற்படும் மாற்றத்தை, அதிக விலை கொடுத்து வாங்கும் வயரில்கூடப் பெற முடியாது.

கேள்வி: தந்தையார் 1990களில் வாங்கிய ஸ்பீக்கர் பெட்டிகள் இப்போது கரகரக்கின்றன. கடற்கரைக்கு அருகில் வசிப்பதால் இப்படியாகிறதா? எறிந்துவிடலாமா?
– வாசகி, திருக்கடலூர்

பதில்: எறிய வேண்டாம். முன்பக்கத் துணிச்சட்டத்தைக் கழற்றி, கூம்பின் விளிம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரல் நுனியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். அது பொடிப்பொடியாக உதிர்ந்தால், நுரைப்பஞ்சால் ஆன வளையம் உக்கிவிட்டது என்று அறியலாம். வெப்பமும் ஈரப்பதனும் கூடிய நம் ஊரில் இது விரைவாகவே நிகழும். கூம்பும் சுருளும் நல்ல நிலையில் இருந்தால் வளையத்தை மட்டும் மாற்றி ஒட்டலாம்; தேர்ந்த திருத்துநர் ஒருவரிடம் கொடுங்கள். புதிதாக வாங்குவோர் இறப்பர் வளையம் உள்ளதையே தெரிவு செய்வது நல்லது.

வளையம் நன்றாக இருந்தும் கரகரத்தால், வயர் முனைகளைப் பாருங்கள். உப்புக்காற்றில் செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ மாறியிருக்கும். மின்னை நிறுத்தி, அந்த முனையை வெட்டியெறிந்து, புதிதாகச் சீவி இறுக்கமாகப் பூட்டுங்கள். ஐப்பசி முதல் தை வரையான மாரிக்காலத்தில் கருவியை பிளாஸ்ரிக் உறையால் மூடாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பருத்தித் துணி போதும். இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை சிறிது நேரம் இயக்கினால் அதன் சூடே ஈரத்தை உலர்த்தும். இடிமின்னல் வேளையில் ஆளியை நிறுத்துவது போதாது. மின்செருகியையும் அன்ரெனா வயரையும் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: கைப்பேசியிலிருந்து புளூடூத் வழியாகக் கேட்டால் தரம் குறையுமா?
– மாணவர், நிலாவெளி

பதில்: குறையும். ஓர் இசைத்தட்டில் (சி.டி.) நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிற் தரவு உள்ளது. புளூடூத் வழக்கமாக அதைப் பல மடங்கு சுருக்கியே அனுப்புகிறது. வேலை செய்துகொண்டே கேட்பதற்கு அது தாராளமாகப் போதும். அமர்ந்து கேட்கும் வேளையில் கைப்பேசியையும் அம்பிளிபயரையும் வயரால் இணையுங்கள். ஹெட்போன் துளை இல்லாத கைப்பேசியாயின், மின்னேற்றும் துளையில் செருகும் சிறிய மாற்றி ஒன்று குறைந்த விலைக்கே கிடைக்கும்.