கைவேலையை போன்ல படம் எடுக்கறது: கேள்வி பதில்

இன்னைக்குப் பேசப்போறது ஒரே விஷயம்தான். நீங்க செஞ்ச பொருளைப் படத்துல பாக்கறவங்களுக்கு, அதைக் கையில வாங்கித் திருப்பிப் பார்த்த மாதிரி இருக்கணும். நிறம், அளவு, வேலைப்பாடு மூணும் உள்ளபடி தெரியணும். கேக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வேலையை முடிச்சிடுங்க: லென்ஸை மெல்லிசான பருத்தித் துணியால துடைங்க, ஜன்னல் வெளிச்சத்துல எடுக்கறதா இருந்தா அறையில எரியற லைட் எல்லாத்தையும் அணைங்க.

குரோஷே பின்றவர்: அக்கா, நல்ல சிவப்பு உல்லன்ல பின்னின கைப்பை. படத்துல ஒரே சிவப்புத் திட்டா இருக்கு, பின்னலே தெரியல. ஏன்?

சிவப்பு, பச்சை, நீலம் மூணையும் கேமரா தனித்தனியா அளக்குது. சிவப்புப் பையில சிவப்பு மட்டும் உச்சத்தைத் தொட்டு நின்னுடும், மத்த ரெண்டும் கீழேயே கிடக்கும். போன் மூணையும் சேர்த்துப் பார்த்து, வெளிச்சம் போதும்னு முடிவு பண்ணிடும். உச்சத்தைத் தொட்ட இடத்துல ஏற்ற இறக்கம் எதுவும் பதிவாகாது. நீங்க தேடற பின்னலோட நிழல் அங்கதான் தொலைஞ்சு போகுது.

வெயில்ல வைக்காதீங்க. ஜன்னல்லேர்ந்து 2, 3 அடி தள்ளி, வெளிச்சம் பக்கவாட்டுல விழற மாதிரி வைங்க. திரையில பை மேல விரலை அழுத்திப் பிடிச்சா ஃபோகஸ் அங்கேயே நிக்கும். பக்கத்துல வர்ற சூரியக் குறியைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைங்க; எண் காட்டற போன்ல மைனஸ் 0.7லேர்ந்து மைனஸ் 1 வரைக்கும் கொண்டு போங்க. நிறத்தைத் தானா தூக்கிக் காட்டற 'விவிட்', ஏஐ மாதிரி வசதி இருந்தா அணைச்சிடுங்க. ராணி கலர் பட்டுநூல், காவி, செந்தூர நிறத்துக்கும் இதே வழிதான். வெள்ளை உல்லனுக்கு நேர் எதிர்: போன் அதைச் சாம்பலாக்கிடும், பிளஸ் 0.7 வைங்க. கறுப்பை வெளிறடிச்சுக் காட்டும், அதுக்குக் குறைங்க.

இன்னொண்ணு, பையோட உட்பக்கத்தையும் ஒரு படம் போடுங்க. பின்னத் தெரிஞ்சவங்க முதல்ல பாக்கறது நூல் முனையை எப்படி உள்ளே மறைச்சிருக்கீங்கன்னுதான்.

ரெசின் சாவிக்கொத்து செய்றவர்: மேல டியூப்லைட் கோடு கோடா விழுது.

அணைங்க. ஜன்னல் கண்ணாடியில டிரேசிங் பேப்பரோ வெள்ளை பட்டர் பேப்பரோ ஒட்டுங்க. பளபளப்பான பரப்புல விளக்கோட உருவம் விழாம இருக்காது. அந்த உருவம் பெருசா, மென்மையா இருந்தா உறுத்தாது. தூசியை ஊதாதீங்க, எச்சில் படும். கண்ணாடி துடைக்கற மைக்ரோஃபைபர் துணியால ஒத்தி எடுங்க.

தஞ்சாவூர் ஓவியம் வரையறவர்: தங்க ரேக்கு (மெல்லிசான தங்கத் தகடு) ஒட்டின இடம் ஒரு படத்துல கறுப்பா வருது, இன்னொரு படத்துல வெள்ளையா வெடிக்குது. போலரைசிங் ஃபில்டர் வாங்கினா சரியாகுமா?

ஃபில்டர் வேண்டாம். தண்ணி, வார்னிஷ், கண்ணாடி மேல சாய்வா விழற பிரதிபலிப்பைத்தான் அது குறைக்கும். உலோகத்துல அது பலிக்காது. விளக்குக்கும் லென்ஸுக்கும் குறுக்குக்குறுக்கா ரெண்டு ஃபில்டர் போட்டா தங்கம் இன்னும் கறுத்துப் போகும்.

தங்க ரேக்கைக் கண்ணாடியா நினைச்சுக்கோங்க. எதிர்ல என்ன இருக்கோ அதைத்தான் மஞ்சள் சாயத்தோட காட்டும். நீங்க இருட்டு ஹாலுக்கு முதுகைக் காட்டி நின்னு எடுத்தா அந்த இருட்டுதான் தங்கத்துல தெரியும். அதான் கறுப்பு. ஃபிளாஷ் போட்டா ஃபிளாஷே தெரியும், அதான் வெடிப்பு.

கண்ணாடி சட்டம் போடறதுக்கு முன்னாடியே படம் எடுத்துடுங்க. ஓவியத்தை ஜன்னலுக்குச் செங்குத்தா, பக்கவாட்டு வெளிச்சம் விழற மாதிரி நிமிர்த்தி வைங்க. உங்களுக்குப் பின்னாடி, தலைக்கு மேல வரைக்கும் ஒரு வெள்ளை வேட்டியை விரிச்சுக் கட்டுங்க. ஜன்னல் வெளிச்சம் வேட்டி மேலயும் விழணும். தங்கத்துக்கு இப்ப பாக்க வெள்ளை கிடைச்சாச்சு, மஞ்சளா நிறைஞ்சு வரும். நீங்களும் வெளிர் நிறச் சட்டை போடுங்க, கறுப்புச் சட்டை அப்படியே நிழலா விழும். 5, 6 அடி தள்ளி நின்னு 2எக்ஸ்ல (ரெண்டு மடங்கு ஜூம்) எடுங்க, லென்ஸ் ஓவியத்தோட நடு உயரத்துல இருக்கணும். கிட்ட நின்னா, போன் கொஞ்சம் சாய்ஞ்சாலே ஓவியத்தோட ஓரம் கோணலாகும்.

ஜன்னல் பக்கமிருந்து வர்ற வெளிச்சம் மக்கு வேலைக்கும் (பசைக்கலவையால புடைப்பா எழுப்பற வேலை) உதவும். மேடு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம் மெல்லிசா நிழல் விழுந்தாதான் புடைப்பு தெரியும். கல்லு மின்னணும்னா அதுக்கு ஒரு தனிப் படம்: இன்னொரு போனோட டார்ச்சை 3, 4 அடி தூரத்துல, பக்கத்துலேர்ந்து காட்டி, மெதுவா நகர்த்துங்க. ஜெய்ப்பூர் கல் மின்னற இடம் வந்ததும் எடுங்க. மென்மையான வெளிச்சத்துல கல் மின்னாது, கூரான வெளிச்சத்துல தங்கம் நிறையாது. ஒரே படத்துல ரெண்டும் கிடைக்காது.

கேள்வி: 20 ஆயிரத்துக்குள்ள எந்த போன் வாங்கலாம்?

அது இன்னைக்குப் பேச்சுல இல்ல. போன் கடை விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க. இங்க சொல்றது எல்லாம் கையில இருக்கற போனுக்கே பொருந்தும்.

டெரகோட்டா ஜிமிக்கி செய்றவர்: கிட்டக்க போனா மங்கலாகுது. பின்னணியை மங்கலாக்கற போர்ட்ரெயிட்ல வச்சா கொக்கியே காணாம போகுது.

பெரிய சென்சார் உள்ள போன்ல மெயின் கேமராவுக்கு 15, 20 செ.மீ. தூரமாவது வேணும். அதுக்குள்ள போனா மங்கலாகும், இல்லாட்டி தானா வைடு கேமராவுக்கு மாறி ஜிமிக்கியைக் கோணலாக்கும். 30 செ.மீ. தள்ளி வச்சு 2எக்ஸ்ல எடுங்க. போர்ட்ரெயிட்டை நிறுத்துங்க. எது பொருள், எது பின்னணின்னு போன் கணக்குப் போட்டு வெட்டுது. மெல்லிசான கம்பியும் மணிக்கு நடுவுல இருக்கற சந்தும் அதுக்குப் பிடிபடாது.

பக்கத்துல ஸ்கேல் வைங்க, இல்ல 10 ரூபாய் நாணயம். அதோட விட்டம் 27 மி.மீ. ஜிமிக்கி காதுல எவ்வளவு தொங்கும்னு உடனே புரிஞ்சிடும். பின்னணிக்குச் சாம்பல் இல்ல வெளிர் பச்சை சார்ட் பேப்பர் போதும். சுவத்துலேர்ந்து மேஜைக்கு மடிப்பு விழாம வளைச்சு இறக்குங்க. சிவப்பு மண்ணைச் சிவப்புத் துணி மேல வைக்காதீங்க.

பட்டுநூல் வளையல் செய்றவர்: என் படமெல்லாம் ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் நீலமா இருக்கே மேடம்?

அறை லைட் எரியுது. வெளிச்சத்தோட நிறத்தைக் கெல்வின்ல சொல்வாங்க: மஞ்சள் சாயல் உள்ள வார்ம் எல்இடி 3000 பக்கம், பகல் வெளிச்சம் 5500 பக்கம். கேமரா ஏதாவது ஒண்ணுக்குத்தான் சரி பண்ணும். அணைங்க.

மார்கழிக் கோலம் போடறவர்: 15 புள்ளி, ஊடுபுள்ளி (ரெண்டு புள்ளிக்கு நடுவுல அடுத்த வரிசைப் புள்ளி), 8 வரை. சிக்குக் கோலம், 6 அடி அகலம். படியில நின்னு எடுத்தா மேல் பாதி சுருங்கிடுது.

நேர் மேலேர்ந்து எடுங்க. ஒரு சுலபமான கணக்கு இருக்கு: 1எக்ஸ் கேமரா எத்தனை அடி உயரத்துல இருக்கோ, ஏறக்குறைய அத்தனை அடி அகலம்தான் படத்தோட குறுகின பக்கத்துல அடங்கும். 6 அடி கோலத்துக்கு, ஓரம் விட்டு 7 அடி உயரம் வேணும். கையை நல்லா உசத்திப் பிடிச்சா ஆறரை அடி வரும். அதுக்கு மேலன்னா மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், இல்ல ஒருத்தர் பிடிச்சுக்க ஸ்டூல். 0.5எக்ஸ்க்கு மாறாதீங்க, ஓரத்துப் புள்ளி வெளியே இழுபடும். கட்டக்கோடு (கிரிட்) வசதியையோ, தனியா இருந்தா 'லெவல்' வசதியையோ போட்டா பல போன்ல, கீழ்நோக்கிப் பிடிக்கும்போது ரெண்டு கூட்டல் குறி தெரியும். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்தா போன் தரைக்கு இணையா இருக்குன்னு அர்த்தம்.

வெயில் வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடி எடுத்தா உங்க நிழல் விழாது. தண்ணி தேங்கியிருந்தா வானம் அதுல பளிச்சுனு தெரிஞ்சு கோலம் வெளிறிடும். பளபளப்பு போய் ஈரக் கறுப்பு மட்டும் மிச்சமிருக்கற நேரம்தான் சரி. மைனஸ் 0.3 வைங்க, மாவு வெடிக்காது.

இன்னொருவர்: இதை ஒத்துக்க மாட்டேன் அக்கா. மேலேர்ந்து எடுத்தா நோட்டுல போட்ட கோலம் மாதிரி இருக்கும். வாசப்படி, காவிப் பட்டை, பூசணிப்பூ தெரிஞ்சாதானே வீட்டுக் கோலம்?

வாசல் தெரியணும்னு நீங்க சொல்றது நியாயம். அதுக்கு ரெண்டாவதா ஒரு படம் சாய்ச்சு எடுங்க. முதல் படம் நேரா இருக்கட்டும்.

வேறொருவர்: சாய்ச்சு எடுத்துட்டு ஆப்ல நிமிர்த்திக்கலாமே? எதுக்கு ஸ்டூல்?

நிமிர்த்தலாம், ஆனா தொலைஞ்சது திரும்ப வராது. 6 அடி கோலத்துக்கு ஒரு அடி தள்ளி நின்னு, 5 அடி உயரத்துலேர்ந்து சாய்ச்சு எடுத்தீங்கன்னா, எதிர் ஓரத்துப் புள்ளி இடைவெளி உங்க பக்கத்து இடைவெளியில பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் படத்துல இருக்கும். முன்பின் நீளத்துல இன்னும் குறுகும். ஆப் அதை இழுத்து நீட்டும்போது எதிர்ப்பக்கத்து இழை மட்டும் மங்கலா, தடிமனா ஆயிடும்.

முதல்ல மறுத்தவர்: கோலம் அழகுக்குத்தானே? யார் புள்ளி எண்ணப் போறாங்க?

எண்ணுவாங்க. இதுல நான் விட்டுக்கொடுக்கறதா இல்ல. சிக்குக் கோலம் ஒரு வாசல்லேர்ந்து இன்னொரு வாசலுக்குப் போறது பார்த்துப் போட்டுத்தான். 15லேர்ந்து 8 வரை ஊடுபுள்ளின்னா நடுவுல 15, மேலயும் கீழயும் 14லேர்ந்து 8 வரை ஏழேழு வரிசை, மொத்தம் 169 புள்ளி. அந்த 169ம் எண்ண முடியணும். இழை எந்தப் புள்ளியை எந்தப் பக்கம் சுத்துதுன்னு விரல் வச்சுத் தொடர முடியணும். ஒரு வளைவு மங்கினாலும் பாக்கறவங்களுக்குச் சிக்கு அங்கேயே அறுந்துடும். புள்ளிக் கணக்கைப் படத்தோட எழுதவும் மறக்காதீங்க. பூக்கோலம், கலர் ரங்கோலின்னா உங்க விருப்பம்போல சாய்ச்சு எடுங்க, சண்டைக்கு வரமாட்டேன்.

வேறொருவர்: ஈர மாக்கோலத்துக்கும் இதேதானா?

காஞ்சதுக்கு அப்புறம் எடுங்க. ஈர அரிசிமாவு பாதி கண்ணாடி மாதிரி தரையைக் காட்டும், காயக் காயத்தான் வெளுக்கும். கோலம் போதும், மத்தவங்க காத்திருக்காங்க.

கேள்வி: வாட்ஸ்அப்ல அனுப்பினா தெளிவே போயிடுது.

சாதாரணமா அனுப்பினா நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருக்கிடும். எச்டி தேர்ந்தெடுங்க, இல்ல டாக்குமெண்ட்டா அனுப்புங்க. டாக்குமெண்ட்டா போனா, வீட்டு இருப்பிடம் பதிவாகியிருந்தா அதுவும் கூடவே போகும். கேமரா செட்டிங்ல லொகேஷனை அணைச்சிட்டு எடுங்க.

கேள்வி: படம் மங்கலா, புகை மூடின மாதிரி இருக்கு அக்கா.

லென்ஸைத் துடைங்க. எண்ணெய்க் கை பட்டிருக்கு.

கேள்வி: பேரை எங்க போடறது? யாரோ எடுத்துப் போட்டுக்கறாங்க.

மூலையில போட்டா வெட்டிடுவாங்க, நடுவுல போட்டா வேலையே மறையும். பொருளோட விளிம்பை ஒட்டி, சின்னதா. முழு அளவு மூலப் படத்தை நீங்க வச்சுக்குங்க, உங்க படம்னு காட்ட அதுதான் சாட்சி.

கேள்வி: குயில்லிங் (காகிதச் சுருள்) வாழ்த்து அட்டை மஞ்சளா வருது...

லைட்டை அணைங்க. மேல ரெண்டு தடவை சொல்லியாச்சு, தயவுசெஞ்சு படிச்சிட்டுக் கேளுங்க. குயில்லிங்குக்குன்னு தனியா சொல்லணும்னா: தாளோட உயரம் 3 மி.மீ., 5 மி.மீ.தான். வெளிச்சம் மேலேர்ந்து விழுந்தா சுருள் எல்லாம் தட்டையாகும். அட்டையைப் படுக்க வச்சு, ஜன்னல் வெளிச்சம் தாழ்வா, ஒரே பக்கத்துலேர்ந்து வரட்டும். எதிர்ப்பக்கம் நிழல் ரொம்பக் கறுத்தா ஒரு வெள்ளைத் தாளை நிமிர்த்தி வைங்க.

கொலு வைக்கறவர்: 7 படி. சீரியல் லைட் போட்டா படத்துல கறுப்புப் பட்டை ஓடுது.

நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். ப்ரோ மோடுல (அளவை நீங்களே மாத்தற வசதி) ஷட்டர் வேகத்தை 1/50 இல்ல 1/100 நொடியில வைங்க, பெரும்பாலும் பட்டை போயிடும். போன் நாலாவது படி உயரத்துல, ஸ்டாண்ட்ல இருக்கட்டும். முழுக் கொலுவைச் சாயங்காலம் இருட்டறதுக்கு முன்னாடி சீரியல் லைட் இல்லாம ஒண்ணு, விளக்கோட ஒண்ணு எடுங்க. நீங்களே செஞ்ச பொம்மை இருந்தா படியிலேர்ந்து இறக்கி, ஜன்னல் பக்கம் வச்சுத் தனியா எடுங்க. அத்தனை பொம்மைக்கு நடுவுல உங்க கைவேலை யார் கண்ணுலயும் படாது.