மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?

வணக்கம் ஐயா,

சிங்கப்பூரில் ஓர் அனைத்துலகப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். ஐபி (International Baccalaureate) பாடத்திட்டம் என்பதால் இந்த வருடம் பெர்சனல் புராஜெக்ட், அதாவது நாங்களே தலைப்பைத் தேர்ந்தெடுத்துச் செய்யும் தனித்திட்டம், செய்ய வேண்டும். 'சிங்கப்பூர்த் தமிழர் வரலாறும் அடையாளமும்' என்ற தலைப்பில் ஓர் ஆப் உருவாக்க நினைக்கிறேன். தலைப்பு சரியா? திட்ட அட்டவணை எப்படிப் போடுவது? நாங்கள் திருச்சியிலிருந்து வந்தவர்கள். இங்கே பெரியவர்கள் யாரையும் தெரியாது. என்ன புத்தகங்கள் படிக்கலாம்?

ஒரு மாணவி, பொங்கோல்

அன்புள்ள மாணவிக்கு,

இந்த வயதில் தமிழில் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறாயே, அதற்கே ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கித் தரலாம். சரி, இனி திட்டப்போகிறேன்.

அட்டவணையை உன் சூப்பர்வைசரிடம் கேள், அதற்குத்தான் அவர் இருக்கிறார். ஆப் வேண்டாம். உனக்கு மதிப்பெண் கிடைக்கப்போவது அறிக்கைக்கு. அதுவும் 15 பக்கம் தாண்டக்கூடாது. எப்படித் திட்டமிட்டாய், எப்படிச் செய்தாய், என்ன கற்றுக்கொண்டாய் என்றுதான் பார்ப்பார்கள். பட்டனுக்கு நீலமா பச்சையா என்று நீ யோசிக்கிற நேரத்துக்கு யாரும் மதிப்பெண் போடமாட்டார்கள்.

தலைப்புக்கு வருகிறேன். 1887லேயே இங்கே 'சிங்கை நேசன்' என்று ஒரு தமிழ்ப் பத்திரிகை வந்தது. 1935ல் தமிழ் முரசு தொடங்கியது. கடையநல்லூர்க்காரர்கள் நடத்திய உமறுப் புலவர் பள்ளி 1982ல் மூடப்பட்டது. துறைமுகம், ரயில்வே, லிட்டில் இந்தியாவான தேக்கா என்று இன்னும் எவ்வளவோ இருக்கிறது. இத்தனையையும் புராஜெக்டுக்கான ஏறக்குறைய 25 மணி நேரத்தில் முடிக்கப்போகிறாயா? அதில் அடையாளம் வேறு!

ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. 'பெரியவர்கள் யாரையும் தெரியாது' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டாய் பார், அதற்காக. கொஞ்ச நாளாகவே இதுதான் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊரிலிருந்து வந்தவர்கள் தனியாகப் பொங்கல் கொண்டாடுகிறார்கள், இங்கேயே பிறந்தவர்கள் தனியாகக் கொண்டாடுகிறார்கள். இரண்டு கூட்டமும் ஒரே லிஃப்டில் நின்றுகொண்டு கைபேசியைப் பார்க்கின்றன. இங்கேயே பிறந்த எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 'அவங்க ஊர்க்காரங்க' என்று சொல்லி ஒதுங்கிவிடுவார்கள். உன் புளோக்கின் கீழ்த்தளத் திறந்தவெளியில், அந்த வாய்ட் டெக்கில், காலையில் பேப்பர் படிக்கிற தாத்தா ஒருவர்கூடவா இல்லை? போய் 'வணக்கம் தாத்தா' என்று சொல்வதற்கு எந்தப் புத்தகம் படிக்க வேண்டும்?

சொன்ன பிறகு என்ன கேட்பது என்பதுதான் கஷ்டம். முன்பு எங்கள் புளோக்கில் செம்பவாங் நேவல் பேஸில், அதாவது பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில், வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருந்தார். பிரிட்டிஷ்காரர்கள் 1971க்குள் படைகளை விலக்கிக்கொள்ளப்போவதாக 1968ல் அறிவித்தார்கள். அந்த வருடக் கடைசியில் தளத்தின் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. இதையெல்லாம் படித்துவிட்டுப் போய், 'அந்தக் காலகட்டத்தை எப்படி உணர்ந்தீர்கள்?' என்று கேட்டேன். "வெள்ளைக்காரன் போனான், நாங்க வேலைக்குப் போனோம்," என்றார். அவ்வளவுதான்.

வேறு ஒன்றும் தோன்றாமல், மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டுவைத்தேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சங்கு ஊதுவது, எண்ணெய்க் கையை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவுவது, பக்கத்தில் உட்காரும் மலையாளி நண்பரின் மீன்குழம்பு, இவர் வீட்டுப் புளிச்சோற்றுக்கு அவர் காத்திருப்பது எல்லாம் வந்தது. அப்புறம் அந்த நண்பருக்கு வேலை போனது வந்தது. குடியுரிமை இல்லாதவருக்கு இங்கே வேறு வேலை கிடைப்பது சுலபமாக இல்லை. குடும்பத்தோடு கொல்லத்துக்குக் கப்பலேறப் போனவரை வழியனுப்பியது, அதன் பிறகு டிபன் கேரியரில் ஓர் அடுக்கைக் குறைக்கச் சொன்னது... நான் தேடிப்போன 1971 அந்த அடுக்கில் இருந்தது. நேராகக் கேட்டபோது வரவில்லை.

ஆகவே உன் தலைப்பு ஒரு மனிதர், ஒரு வேலை, முடிந்தால் ஒரு வேளைச் சாப்பாடு. தமிழில் பேட்டி எடுக்கவும் பேச்சை எழுத்தாக்கவும் பழகுவது உன் கற்றல் இலக்கு. ஒரு பெரியவரின் குரலும் அதன் எழுத்து வடிவமும் சேர்ந்த சிறு தொகுப்பு நீ செய்து காட்டுகிற பொருள். வெற்றிக்கான அளவுகோலில் 'பலருக்குப் பயன்பட வேண்டும்' என்று எழுதிவைக்காதே, அதை யார் அளப்பது? 'எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டித் திருத்த வேண்டும்' என்று எழுது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத உனக்கு ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். இரண்டு மணி நேரம் பதிவு செய்தாலே உன் 25ல் பாதி போய்விடும். இதோ, நீ கேட்ட அட்டவணை.

புத்தகம் அப்புறம் பார்க்கலாம். முதலில் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளைக் கேள். 1979லிருந்து சேர்த்துவருகிறார்கள், தமிழிலும் இருக்கின்றன. பேட்டி எடுப்பவர் எங்கே வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறார் என்று கவனி. நீ எடுக்கும்போது, பதிவு செய்யலாமா என்று தாத்தாவிடமும் அவர் வீட்டாரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள். வெறுங்கையோடு போகாதே.

உன் புளோக்கில் நிஜமாகவே யாரும் இல்லையென்றால் ஈசூனில் எனக்குத் தெரிந்த பாட்டி ஒருவர் இருக்கிறார், நன்றாகப் பேசுவார். பத்துக் கேள்வி எழுதி எனக்கு அனுப்பு, பார்த்துவிட்டு அவரிடம் சொல்கிறேன். 'அடையாளம்' என்று ஒரு கேள்வியில் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன்.