செகண்ட்ஸில் பில்லிங் மெஷின்: கடைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

மளிகைக் கடைக்குக் கம்ப்யூட்டர் பில் போடப் போகிறேன். மூடிய சூப்பர் மார்க்கெட் ஒன்றின் டச் மெஷின், பில் பிரிண்டர், ஸ்கேனர், கல்லாப்பெட்டி நான்கையும் ‘ரீஃபர்பிஷ்டு செட்’ (பழையதைச் சரிசெய்து புதுப்பித்தது) என்று ஒரே விலையில் தருகிறார்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– வாசகர், திருமங்கலம்

செட் விலையை ஓரமாக வைத்துவிட்டு நான்குக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள். நான்கும் ஒரே மாதிரி தேய்வதில்லை. கல்லாப்பெட்டி இரும்பு, சாவி இருந்து, டிராயர் தடையில்லாமல் ஓடினால் பல வருடம் வரும். பிரிண்டர் அப்படியல்ல. பேப்பரைச் சூடாக்கி எழுத்தை வரவைக்கும் ஹெட்டும், பில்லை வெட்டும் கட்டரும் ஒவ்வொரு பில்லுக்கும் தேய்கின்றன. ‘ரீஃபர்பிஷ்டு’ என்று சொல்லி மேல் மூடியைத் துடைத்துப் பளபளப்பாக்கி மட்டும் தருபவர்கள் உண்டு. அதனால் உங்கள் நேரத்தில் பாதியைப் பிரிண்டருக்கே கொடுங்கள்.

ரோலைப் போட்டு, பிரிண்டரை அணைத்து, ஃபீட் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஆன் செய்யுங்கள். கம்ப்யூட்டர் இல்லாமலே செல்ஃப் டெஸ்ட் சீட்டு வரும். எந்த இன்டர்ஃபேஸ் (கம்ப்யூட்டரோடு இணைக்கும் வழி), என்ன செட்டிங் என்பது அதில் இருக்கும். ஆனால் அந்தச் சீட்டில் எழுத்து நன்றாக வந்ததை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். 80 மி.மீ. பேப்பர் பிரிண்டரின் ஹெட்டில் 72 மி.மீ. அகலத்துக்குள் 576 சூடாகும் புள்ளிகள் உண்டு. நாலைந்து புள்ளி எரிந்துபோயிருந்தாலும் எழுத்துக்கு நடுவில் தெரியாது. பேப்பரின் முழு அகலத்துக்கும் ஒரு கறுப்புப் பட்டையைப் படமாக அடித்துப் பாருங்கள். பேப்பர் ஓடும் திசையில் மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்தால் அந்த இடத்துப் புள்ளி வேலை செய்யவில்லை.

“அழுக்குதான், துடைத்தால் போய்விடும்” என்பார்கள். அதுவும் நடப்பதுதான். அங்கேயே துடைக்கச் சொல்லுங்கள். ஹெட் ஆறிய பிறகு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்து, உலரவிட்டு, அதே பட்டையை மறுபடி அடிக்க வேண்டும். கோடு மறைந்தால் அழுக்கு. அதே இடத்தில் நின்றால் ஹெட் போய்விட்டது. அந்தப் பிரிண்டர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் வெளுத்தும் வந்தால், ரப்பர் ரோலர் தேய்ந்திருக்கும் அல்லது ஹெட்டை அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

அடுத்து நிற்காமல் இருபது பில் அடியுங்கள். கட்டர் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வெட்ட வேண்டும். இடையில் நின்று மூடி திறக்க மறுத்தால் பிளேடு பாதியில் மாட்டிக்கொள்கிறது என்று பொருள். தீபாவளிக் கூட்டத்தில் அது கடையையே நிறுத்திவிடும். அடாப்டர் கோளாறையும் இந்தச் சோதனைகளிலேயே பிடித்துவிடலாம். இவ்வகைப் பிரிண்டர்கள் பெரும்பாலும் 24 வோல்ட்டில் ஓடுபவை. கறுப்புப் பட்டை அடிக்கும்போது மின்சாரம் அதிகம் இழுக்கும். டூப்ளிகேட் அடாப்டர் என்றால் அந்த நேரத்தில் பிரிண்டர் அணைந்து மறுபடி எரியும்.

எவ்வளவு ஓடியது என்பதற்கும் கணக்கு உண்டு. எப்சன் மாடல்கள் பலவற்றில் பேப்பர் ஓடிய நீளமும் வெட்டிய எண்ணிக்கையும் உள்ளேயே பதிவாகும். கம்பெனியின் யூட்டிலிட்டி மென்பொருளில் பார்க்கலாம். அதில் அழித்துப் பூஜ்யமாக்கக்கூடிய கணக்கு ஒன்று, மொத்தக் கணக்கு ஒன்று. மொத்தக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். இந்தத் தர ஹெட்டுகளுக்குப் பொதுவாக 100 முதல் 150 கி.மீ. ஆயுள் சொல்வார்கள். 20 செ.மீ. பில் தினம் 300 போட்டால் ஒரு நாளைக்கு 60 மீட்டர், 100 கி.மீ. என்பது நாலரை வருடம். 80 கி.மீ. ஓடிய பிரிண்டர் உங்களிடம் ஒரு வருடத்தைக் கடக்குமா என்று யோசித்து விலை பேசுங்கள்.

கல்லாப்பெட்டி ஒயர் பிரிண்டரின் பின்னால் உள்ள, டெலிபோன் ஜாக் போன்ற துளையில் போகும். பில் வந்ததும் பிரிண்டர் கொடுக்கும் மின்துடிப்பில்தான் பெட்டி திறக்கிறது. டெலிபோன் ஒயரையோ நெட்வொர்க் கேபிளையோ அந்தத் துளையில் செருகிவிடக் கூடாது. பெட்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதைப் பிரிண்டரோடு ஒத்துப் பாருங்கள்.

பொருள் பெயரெல்லாம் தமிழில் வர வேண்டும். செகண்ட்ஸில் பார்த்த பிரிண்டரில் ஒரு பில் வர ஒன்றிரண்டு நிமிடம் ஆகிறது. ஹெட் பழுதா?
– வாசகர், மேலூர்

ஹெட் காரணமில்லை. பின்னால் உள்ள போர்ட்டைப் பாருங்கள். பெரும்பாலும் சீரியல் போர்ட்டாக (தகவலை மெதுவாக அனுப்பும் பழைய வகை இணைப்பு) இருக்கும்.

பெரும்பாலான பில் பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது. அதனால் மென்பொருள் முழுப் பில்லையும் படமாக மாற்றி அனுப்புகிறது. ஒரு வரிசைப் புள்ளிகளுக்கு 72 பைட், ஒரு மி.மீ.க்கு 8 வரிசை. 20 செ.மீ. பில் என்றால் 1,15,200 பைட். சீரியல் போர்ட் 9600 வேகத்தில் இருந்தால் நொடிக்குச் சுமார் 960 பைட்தான் போகும். சரியாக 2 நிமிடம்! வேகத்தை 115200-க்கு மாற்ற அந்த மாடல் இடம் கொடுத்தால் 10 நொடியாகக் குறையும். அதற்கும் காத்திருக்கும் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். தமிழ்ப் பில் வேண்டுமென்றால் யுஎஸ்பி அல்லது நெட்வொர்க் போர்ட் உள்ளதையே வாங்குங்கள். சில மாடல்களில் இன்டர்ஃபேஸ் கார்டை மட்டும் கழற்றி மாற்றலாம். அந்தக் கார்டு விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வாங்கும் முன் உங்கள் மென்பொருளிலிருந்தே ஒரு தமிழ்ப் பில் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

விளக்குத்தூண் அருகே துணிக்கடை. ஜே1900 பிராசஸர் உள்ள டச் மெஷின் மலிவாக வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், மதுரை

ஜே1900 என்பது 2013-இல் வந்த செலரான். பில் போடும் வேலைக்கு 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் போட்டால் தாங்கும். சிக்கல் விண்டோஸில். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 இந்த பிராசஸரை அதிகாரபூர்வமாக ஏற்காது. இன்டெல் கோர் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். வாடிக்கையாளர் போன் நம்பர், கணக்கு எல்லாம் இணையத்தோடு இணைந்திருக்கும் கடையில் இந்த மெஷினை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். எட்டாம் தலைமுறை உள்ள சாதாரண செகண்ட்ஸ் டெஸ்க்டாப்பும் ஒரு மானிட்டரும் இதைவிட நல்ல முதலீடு. துணிக்கடைக்கு டச் அவசியமே இல்லை, ஸ்கேனரும் கீபோர்டும் போதும்.

எதை வாங்கினாலும் கரண்ட் ஒயரைப் பிடுங்கி ஐந்து நிமிடம் கழித்து ஆன் செய்யுங்கள். தேதி பழைய வருடத்துக்குப் போனால் உள்ளே உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. சின்ன செலவுதான். கவனிக்காமல் விட்டால் பில்லில் தேதி தப்பும், ஜிஎஸ்டி தளமும் திறக்காது.

மெடிக்கல் ஷாப்புக்குப் பழைய லேசர் ஸ்கேனர் போதுமா?
– வாசகர், ஒத்தக்கடை

போதாது. 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 முன்னணி மருந்து பிராண்டுகளில் பார்கோடு அல்லது கியூஆர் கோடு கட்டாயம். லேசர் ஸ்கேனர் கோடுகளாலான பார்கோடை மட்டுமே படிக்கும், கியூஆரைப் படிக்காது. இரண்டையும் படிக்கும் 2டி இமேஜர் ஸ்கேனர் வாங்குங்கள். பிடியிலிருந்து ஒயர் வெளிவரும் இடத்தை வளைத்தபடி பத்துப் பொருளை ஸ்கேன் செய்யுங்கள். விட்டுவிட்டு வேலை செய்தால் உள்ளே ஒயர் அறுந்திருக்கிறது.

கார்டு ஸ்வைப்பிங் மெஷின் செகண்ட்ஸில் விற்கிறார்கள். வாங்கினால் மாத வாடகை மிச்சமாகுமா?
– வாசகர், உசிலம்பட்டி

வாங்கவே வாங்காதீர்கள். அது பொதுவாக வங்கியின் அல்லது பேமென்ட் கம்பெனியின் சொத்து. உள்ளே உள்ள ரகசியச் சாவிகள் அந்தக் கம்பெனி ஏற்றியவை. மெஷினைத் திறந்தாலே அழிந்துவிடும். உங்கள் கணக்குக்கு வேறு யாராலும் அதை மாற்றித் தர முடியாது. சவுண்ட் பாக்ஸுக்கும் இதே பதில்.

பில்லிங்கோடு இணையும் 30 கிலோ எலக்ட்ரானிக் தராசு பழையது வாங்கலாமா?
– வாசகர், கீழமாசி வீதி, மதுரை

முத்திரையைப் பார்த்து வாங்கலாம். எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை வேண்டும். தமிழகத்தில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் செய்வார். சீல் உடைந்திருந்தாலோ பழுது பார்த்திருந்தாலோ, மறுபடி முத்திரை வாங்காமல் கடையில் வைக்கக் கூடாது. சான்றிதழைக் கடையில் பார்வையில் வைக்க வேண்டும்.

10 கிலோ படிக்கல்லைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வையுங்கள். எடை மாறினால் லோடு செல்லில் (எடையை உணரும் பாகம்) கோளாறு. இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. தராசின் தகட்டில் குறைந்தபட்ச எடை எழுதியிருக்கும். 5 கிராம் 5 கிராமாக எடை காட்டும் (5 கிராம் பிரிவுள்ள) மூன்றாம் வகுப்புத் தராசுக்கு, அதாவது கடைகளில் வழக்கமாக இருக்கும் துல்லிய வகைக்கு, அது 100 கிராம். 50 கிராம் சீரகத்தை அதில் நிறுப்பது முறையில்லை. சில்லறை நிறுவைக்கு நுண்ணிய பிரிவுள்ள தராசு தனியாக வேண்டும்.

பழைய பொருளுக்கு பில், வாரண்டி எப்படிக் கேட்பது?
– வாசகர், அலங்காநல்லூர்

பழைய பொருள் வியாபாரி ஜிஎஸ்டி விதி 32(5)-இன்படி தன் லாபத்துக்கு மட்டும் வரி கட்டலாம். அப்படி விற்றால் முழு விலைக்கும் உங்களுக்கு இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கொடுத்த வரியை நீங்கள் கட்டும் வரியில் கழித்துக்கொள்வது) கிடைக்காது. உதாரணமாக, புதிய பிரிண்டர் வரியோடு ரூ. 11,800 என்றால், கிரெடிட் எடுக்கும் கடைக்கு அதன் அடக்கம் ரூ. 10,000. பழையதை ரூ. 9,000-க்குக் கிரெடிட் இல்லாமல் வாங்கினால் மிச்சம் ஆயிரம் ரூபாய்தான். அதற்குப் புதியதையே வாங்கலாம். காம்போசிஷன் முறையில் (விற்பனையில் குறிப்பிட்ட சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் சிறு கடைகளுக்கான முறை) இருப்பவருக்குக் கிரெடிட்டே கிடையாது, அவர் ரூ. 11,800-ஐயே ஒப்பிட வேண்டும்.

2022 மின்கழிவு விதிகளின்படி ரீஃபர்பிஷ் செய்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவைக் கேளுங்கள். ‘டெஸ்டிங் வாரண்டி’ என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். பில்லில் சீரியல் நம்பரும், எத்தனை நாள் என்பதும், ‘ஹெட், கட்டர், அடாப்டர் உட்பட’ என்ற வார்த்தைகளும் எழுதியிருக்க வேண்டும்.