கடித்தது எந்த முனை? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: 1857 புரட்சிக்குக் காரணமான கொழுப்புத் தோட்டா எப்படி இருந்தது? அதை ஏன் வாயால் கடித்தார்கள்? மங்கள் பாண்டே சுட்டதும் அந்தப் புதுத் துப்பாக்கியால்தானா?

ப: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. 1857 மார்ச் 29 அன்று பாரக்பூரில் மங்கள் பாண்டே கையில் இருந்தது, குழலுக்குள் மரை வெட்டாத பழைய மஸ்கட். குழல் நீளம் என்பதால், அதை மார்பில் வைத்துக் கால்விரலால் விசையை அழுத்தித் தன்னையே சுட்டுக்கொண்டார். ஆனால் பிழைத்துவிட்டார், ஏப்ரல் 8-ல் தூக்கிலிட்டார்கள். படங்களில் அவர் கையில் என்ஃபீல்டு என்ற அந்தப் புதுத் துப்பாக்கியைக் கொடுத்துவிடுவது தவறு.

இனி தோட்டா. 1853 மாதிரி என்ஃபீல்டின் தோட்டா பித்தளைக் கூடல்ல, காகிதச் சுருள். ஒரு பக்கம் சுமார் 4.5 கிராம் கருமருந்து, மறுபக்கம் சுமார் 34 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு. கொழுப்பும் மெழுகும் கலந்து பூசியது குண்டுப் பக்கம். பல்லால் கடித்தது மருந்துப் பக்கம். கடித்துத் திறந்து, மருந்தைக் குழல்வாயில் கொட்டி, தோட்டாவைத் தலைகீழாகத் திருப்பி, பூசிய முனையை உள்ளே நுழைத்து, மிஞ்சிய காகிதத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு, கோலால் அடிவரை தள்ள வேண்டும். ஒரு கை துப்பாக்கியைப் பிடித்திருக்கும், அதனால்தான் பல்.

கொழுப்பு எதற்கு? கருமருந்து எரிந்தால் குழலில் கரி அடை படியும். என்ஃபீல்டு குழலில் திருகுபோல் ஓடும் 3 தவாளிப்புகள் (பள்ளக் கோடுகள்) உண்டு. குண்டு உள்ளே எளிதாக இறங்கி, வெடிக்கும்போது அதன் அடிப்பகுதி விரிந்து தவாளிப்பைக் கவ்வ வேண்டும். கொழுப்பு அடையை இளக்கிவைக்கும். அது இல்லாவிட்டால் சில சுடுகளிலேயே குழல் இறுகி, அடுத்த குண்டு பாதிவழியில் சிக்கிக்கொள்ளும்.

கடித்த முனை வேறு என்பதால், பசு, பன்றிக் கொழுப்பைக் கடிக்கவைத்து மதத்தைக் கெடுக்கிறார்கள் என்ற சிப்பாய்களின் அச்சத்தை வெறும் வதந்தி என்று ஒதுக்கிவிட முடியாது. கொழுப்பு எந்த விலங்கிலிருந்து வந்தது என்பதை உறுதிசெய்ய அதிகாரிகள் அக்கறை காட்டவே இல்லை. வெயிலில் உருகிய கொழுப்பு காகிதத்தில் ஊறும். கையால் தொடுவதையே பாவமாகக் கருதியவர்களும் இருந்தார்கள். பிறகு, கடிக்காமல் விரலால் கிழிக்கும்படி பயிற்சி முறை மாற்றப்பட்டது. அந்தப் புது முறையைக் காட்டுவதற்காகத்தான் மீரட்டில் ஏப்ரல் 24 அன்று 3ஆம் குதிரைப்படையின் 90 பேரை அணிவகுக்கச் செய்தார்கள். நீட்டியவை புதுக் கொழுப்புத் தோட்டாக்கள் அல்ல, முன்பே பழகிய பழைய வகைத் தோட்டாக்கள்; ஆனாலும் 85 பேர் வாங்க மறுத்தனர். மே 9-ல் எல்லோர் முன்னிலையிலும் அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் வெடித்தது.

கே: சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி மழையில் வெடிக்காது என்பது உண்மையா?

ப: பெரும்பாலும் உண்மை. கல் எஃகுத் தகட்டில் உரசித் தெறிக்கும் பொறி, வெளியே உள்ள சிறு கிண்ணத்து மருந்தில் விழ வேண்டும். ஈரம் பட்டால் அது பற்றாது. வெயில் நாளிலும் ஒரு தொல்லை உண்டு: கிண்ணத்திலிருந்து குழலுக்குப் போகும் ஊசித்துளையைக் கரி அடைத்துவிட்டால், கிண்ணம் மட்டும் 'புஸ்' என்று எரிந்து அணையும். அதனால் வீரர்கள் துளையைக் குத்திச் சுத்தம் செய்யக் கம்பி வைத்திருந்தார்கள். அடித்தால் தீப்பற்றும் மருந்தைப் பயன்படுத்தும் முறைக்கு ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித் 1807-ல் காப்புரிமை பெற்ற பிறகுதான் இதற்கு விடிவு பிறந்தது.

கே: சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபெர்டினாண்டைச் சுட்ட பிஸ்டல் 7.65 மி.மீ. என்று ஒரு நூலிலும் 9 மி.மீ. என்று இன்னொன்றிலும் படித்தேன். எது சரி?

ப: 9 மி.மீ. குட்டை ரகத் தோட்டாதான். 1914 ஜூன் 28 அன்று காவ்ரிலோ பிரின்சிப் சுட்டது, பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலையில் செய்த பிரவுனிங் 1910 மாதிரி. வரிசை எண் 19074. அதே ஆலையின் 1900 மாதிரி 7.65 மி.மீ. என்பதால் பலர் இரண்டையும் குழப்பிவிட்டார்கள். படங்களில் முன்முனையைப் பாருங்கள். 1900 மாதிரியில் சுருள்வில் குழலுக்கு மேலே தனியாக இருப்பதால் முகப்பு உயரமாகத் தெரியும். 1910 மாதிரியில் வில் குழலையே சுற்றியிருக்கும். முகப்பு உருண்டையாக இருக்கும். சாகும் தறுவாயில் இளவரசருக்கு இறுதி ஆசி வழங்கிய பாதிரியாரிடம் போய்ச் சேர்ந்த அந்த பிஸ்டலை, இயேசு சபையினர் 2004-ல் வியன்னா ராணுவ அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள்.